8 மாசப் பிள்ளைக்குக் கஞ்சியைத் தாண்டி என்ன கொடுக்கலாம்? கெட்டிச்சோறு, முட்டை, மீன், நிலக்கடலை எப்போ?

பாளை_மகராசி:

வணக்கம். மகளுக்கு 8 மாசம் முடியப்போகுது, எடை 7.4 கிலோ. தாய்ப்பால் தாராளமா குடிக்கா. காலைல கேழ்வரகுப் பால் காய்ச்சிக் குடுக்கோம். மத்தியானம் பருப்புச்சோறு மிக்சில அடிச்சது, சாயங்காலம் ஏத்தங்காய்ப்பொடிக் (நேந்திரங்காய்) கஞ்சி. மூணுமே தண்ணியாத்தான் இருக்கும், கொஞ்சம் கெட்டியா போனா ஓங்கரிக்கா. போன மாசம் 100 கிராம்தான் எடை ஏறிருக்கு. மலம் ரெண்டு நாளைக்கு ஒருக்கா, கட்டியா போகுது.

வீட்ல பெரியவங்க முட்டை வெள்ளைக்கரு, மீன், கடலை எல்லாம் ஒரு வயசுக்கு மேலதான்னு சொல்லுதாவ. கத்திரிக்காயும் கடலையும் தோல்ல கரப்பான் கொண்டுவந்துரும்னு பயம். கஞ்சில கருப்பட்டி போடலாமா, நாக்குல தேன் தடவலாமான்னும் ஒரு பேச்சு ஓடுது. இவளுக்குன்னு தனியா சமைக்காம வீட்டுச் சமையல்லயே எடுத்துக் குடுக்க வழி இருக்கா? மூத்தவனுக்கு ரெண்டரை வயசு. அவன் முறுக்கும் மிச்சரும் திங்கும்போது இவளும் கை நீட்டுதா. அவனுக்கும் வேற என்ன தீனி குடுக்கலாம்னு சொல்லுங்க.

தட்டும்தராசும்:

பெண் குழந்தைக்கு 8 மாதத்தில் 7.4 கிலோ என்பது உலக சுகாதார நிறுவன வரைபடத்தில் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரும். பயப்படுகிற எடை இல்லை. ஒரு மாதத்தில் 100 கிராம்தான் ஏறியது என்பதைத்தான் கவனிக்கணும். தடுப்பூசிக்குப் போகும்போது எடைக் கோட்டைக் காட்டி மருத்துவரிடம் கேட்டுவிடுங்க. ஆனால் நீங்க எழுதியதை வைத்துப் பார்த்தால் முதல் சந்தேகம் அந்தத் தண்ணிக் கஞ்சி மேலதான்.

ஒரு டேபிள்ஸ்பூன் கேழ்வரகு மாவு சுமார் 10 கிராம், அதில் 35 கலோரிக்குள்தான் இருக்கு. அதை 200 மி.லி. கஞ்சியாக்கினால் அந்த 200 மி.லி.க்கும் அதே 35தான். தாய்ப்பால் 200 மி.லி.யில் 130 கலோரிக்கு மேல் உண்டு. இந்த வயதில் வயிறு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 30 மி.லி. அளவுதான் பிடிக்கும், உங்க மகளுக்கு 220 மி.லி. சுமார். அதைத் தண்ணிக் கஞ்சியால் நிரப்பினால் அதைவிடச் சத்தான தாய்ப்பாலுக்கு இடம் இல்லாமல் போகும். வயிறு நிறையும், எடை ஏறாது.

கெட்டி சரியா என்று பார்க்க ஸ்பூனைச் சாய்த்துப் பாருங்க. ஓடி விழுந்தால் தண்ணி அதிகம். ஸ்பூனிலேயே நின்று, பிறகு மெதுவா வழுகி இறங்கினால் சரி.

கேழ்வரகுப் பால் 6 மாதத்தில் தொடங்க நல்லது. 8 மாதத்திலும் துணியில் வடிகட்டுவது வேண்டாம். கேழ்வரகின் சுண்ணாம்புச்சத்தும் நார்ச்சத்தும் தோல் பக்கம்தான் அதிகம், சக்கையோடு அது போய்விடுகிறது. மலச்சிக்கலுக்கும் இதில் பங்கு உண்டு. பதிலுக்கு முளைகட்டிய மாவு செய்துகொள்ளலாம். அரை கிலோ கேழ்வரகை மண் போக நாலைந்து தண்ணீரில் அரித்து, 10 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்க. நம்ம ஊர் வெயிலுக்கு 24 மணி நேரத்தில் முளை எட்டிப் பார்க்கும். துணி காய்ந்தால் முளை வராது, தண்ணி சொட்டுகிற ஈரமாக இருந்தால் புளித்து வாடை அடிக்கும். வாடை வந்ததைக் கொட்டிவிடுங்க. நிழலில் நன்கு உலர்த்தி, முளையைத் தேய்த்து உதிர்த்து, சிறு தீயில் மணம் வரும்வரை மட்டும் வறுத்து, அரைத்து, சலிக்கணும்.

இந்த மாவில் இன்னொரு உபயோகம் இருக்கு. முளைக்கும்போது தானியத்தில் மாவுப்பொருளை உடைக்கும் நொதி உண்டாகும். அதனால் முளைமாவுக் கஞ்சி சாதா மாவுக் கஞ்சி அளவுக்கு இறுகாது, அதே தண்ணீரில் மாவைக் கூட்டிப் போடலாம். இறுகிப்போன சோற்றுக் கஞ்சியோ ஏத்தங்காய்க் கஞ்சியோ இருந்தால், கொதி அடங்கிய சூட்டில் ஒரு டீஸ்பூன் முளைமாவைக் கலந்து ஐந்து நிமிடம் கிளறுங்க. தண்ணி சேர்க்காமலே இளகும். பிறகு மறுபடி ஒரு கொதி விடணும். முளைகட்டும்போது கிருமியும் சேர்ந்தே வளர்ந்திருக்கும், கொதிக்காமல் கொடுக்கக் கூடாது. நொதி வேலை செய்யணும் என்றால் முளைத் தானியத்தைக் கருக வறுக்கவும் கூடாது.

ஏத்தங்காய்ப்பொடி தினமும் வேண்டாம். களக்காட்டுப் பக்கத்து ஏத்தங்காயில் குறை ஒன்றும் இல்லை, பொடி நல்ல பொடிதான். ஆனால் அது பெரும்பாலும் மாவுச்சத்து. புரதமும் இரும்பும் குறைவு, வயிற்றையும் கட்டும். வாரம் இரண்டு வேளை போதும், அதிலும் வறுத்து அரைத்த பாசிப்பருப்பு மாவு பாதி கலந்துகொள்ளுங்க. பழுத்த ஏத்தம்பழம் வேறு சங்கதி. ஆவியில் அவித்து, நடுவில் இருக்கும் கறுப்பு நரம்பை எடுத்துவிட்டு, நெய் தொட்டு மசித்தால் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும்.

வீட்டுச் சமையலில் எடுக்கலாமா என்று கேட்டீங்க. எடுக்கணும். கூட்டாஞ்சோறு ஒன்று போதும், அரிசி, பருப்பு, காய், கீரை நாலும் ஒரே பானையில் வந்துவிடும். வரிசையை மட்டும் மாத்திக்கோங்க. அரிசி 2 பங்கு, துவரம்பருப்பு 1 பங்கு, கத்திரிக்காய், அவரைக்காய், வாழைக்காய், கேரட், முருங்கைக்காய் எல்லாம் சேர்த்து 5 பங்கு தண்ணீரில் குழைய வேகவிட்டு, கடைசியில் முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி. கீரை வெந்ததும் மகளுக்கு வேண்டியதை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு உப்பு, புளி, மிளகாய் அரைப்பு போட்டு மற்றவர்களுக்கு இறக்குங்க. முருங்கைக்காயின் சதையை மட்டும் வழித்துப் போடணும், நார் ஒன்றுகூடத் தங்கக் கூடாது. எடுத்த சோற்றில் தேங்காயும் சீரகமும் மட்டும் அரைத்தது ஒரு டீஸ்பூன், நெய் ஒரு டீஸ்பூன். அரிசி 30 கிராம், பருப்பு 15 கிராம், நெய் 5 கிராம் சேர்ந்து ஒரு கிண்ணம் 200 கலோரி வரும். அதே கிண்ணத்தில் கேழ்வரகுக் கஞ்சி எவ்வளவு தந்தது என்று மேலே பாருங்க.

தேங்காய்ப்பால் சொதியும் அப்படித்தான். பாசிப்பருப்பும் காயும் இரண்டாம் பாலில் வெந்ததும், இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்து ஊற்றுவதற்கு முன்னால் எடுத்துவிட்டு, முதல் பால் 2 டேபிள்ஸ்பூன் மேலே விட்டு ஒரு சூடு காட்டுங்க. இடியாப்பத்தைச் சின்னதாகப் பிய்த்து இதில் ஊறப்போட்டால் எட்டு, ஒன்பது மாதத்துக்குப் பக்குவமாக இருக்கும். தேங்காய்ப்பாலில் கொழுப்பு நிறைய, புரதம் குறைவு. அதனால் பருப்பில்லாத சொதியும் இடியாப்பமும் மட்டும் ஒரு வேளைச் சாப்பாடு ஆகாது.

அளவு: இப்போது ஒரு நாளைக்கு 3 வேளை, ஒவ்வொன்றும் 250 மி.லி. கிண்ணத்தில் அரை வரை. 9 முதல் 11 மாதம் வரை 3 அல்லது 4 வேளை, கூட ஒன்றிரண்டு சிறுதீனி. ஒரு வயதுக்கு மேல் முக்கால் முதல் முழுக் கிண்ணம். தாய்ப்பாலை 2 வயதும் அதற்கு மேலும் தொடரலாம்.

ஒரு நாளில் எத்தனை வகை சேர்ந்தது என்று பார்க்க உலக சுகாதார நிறுவனம் 8 கூட்டமாகப் பிரித்திருக்கு: தாய்ப்பால்; தானியமும் கிழங்கும்; பருப்பு, கடலை, விதைகள்; பால், தயிர்; மீன், இறைச்சி; முட்டை; பப்பாளி, மஞ்சள்பூசணி, கீரை போன்ற வைட்டமின் ஏ உள்ளவை; மற்ற காய், பழம். இதில் 5 வரணும். உங்க பட்டியலில் தாய்ப்பால், தானியம், பருப்பு மூன்றும் வந்தாச்சு, ஏத்தங்காயும் தானியம், கிழங்குக் கூட்டத்தில்தான் சேரும். மஞ்சள்பூசணியோ கீரையோ, கூட ஒரு முட்டையோ இரண்டு ஸ்பூன் தயிரோ சேர்ந்தால் கணக்கு சரியாகிவிடும். பெரிய வேலை இல்லை.

பாளை_மகராசி:

ரொம்ப நன்றி அக்கா. கூட்டாஞ்சோறு வரிசை புரிஞ்சிட்டு. கெட்டியா குடுத்தா ஓங்கரிக்காளே, அது தொண்டைல அடைக்கிறது இல்லையா? அதுதான் மிக்சிய விடவே பயமா இருக்கு. கீரைல இரும்புச்சத்து போதுமான்னும் கேக்கணும்.

வெள்ளைக்_கோட்டு:

ஓங்கரிப்பதும் அடைப்பதும் ஒன்றில்லை. ஓங்கரிக்கும்போது முகம் சிவக்கும், நாக்கு வெளியே வரும், சத்தம் இருக்கும், பிள்ளை தானே வெளியே தள்ளிவிடும். அந்த நேரத்தில் வாய்க்குள் விரலை விடாமல் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும். அடைத்துக்கொண்டால் சத்தமே வராது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலம் பாயும். அப்போது ஒரு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தட்டு. போகவில்லை என்றால் மல்லாக்கத் திருப்பி, முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நெஞ்சு நடுவில் இரண்டு விரலால் 5 அழுத்து. மாற்றி மாற்றிச் செய்துகொண்டே 108க்குச் சொல்லச் சொல்லுங்க. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவினால் இன்னும் உள்ளேதான் போகும். ஒரு வயதுக்கு மேல் முதுகில் 5 தட்டு, பிறகு பின்னால் இருந்து அணைத்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேல்வாக்கில் 5 அழுத்து.

எட்டு மாதத்தில் ஓங்கரிப்பு பழக்கமின்மையால் வருவது. மிக்சியை நிறுத்தாமல் அது நிற்காது. முதல் நாலைந்து நாள் குழைந்த சோற்றை மத்தால் கடைந்து கொடுங்க. அடுத்த வாரம் கரண்டியால் மட்டும் மசித்து, பருக்கை பாதி தெரியணும். அதற்கடுத்து விரலால் பிசைந்த சோறு. 10 மாதத்துக்குள் கட்டிகட்டியான சாப்பாடு பழகாத பிள்ளைகளிடம் பின்னால் மெல்ல மாட்டேன் என்ற அடம் கூடுதலாகப் பார்க்கிறோம். தண்ணிக்குழம்பில் கட்டி மிதக்கிற சாப்பாடு மட்டும் வேண்டாம். ஒரே வாயில் தண்ணியும் கட்டியும் சேர்ந்து வந்தால் பழகாத பிள்ளைக்கு அதுதான் அதிகம் ஓங்கரிக்கும்.

கையில் பிடித்துத் தின்னவும் இப்போதே தொடங்கலாம். விரல் நீளத்துக்கு வெட்டி ஆவியில் அவித்த கேரட், சீனிக்கிழங்கு, மஞ்சள்பூசணி, அவித்த ஏத்தம்பழத் துண்டு, இட்லித் துண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் நசுங்கணும், அதுதான் அளவுகோல். தைப்பொங்கல் சமயத்தில் வரும் சிறுகிழங்கையும் அவித்துத் தோலுரித்து மசித்துக் கொடுக்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கணும், படுக்கவைத்தோ பாலாடையில் ஊற்றியோ புகட்டக் கூடாது. பால்புட்டி நிப்பிளை வெட்டிக் கஞ்சி ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கு, அதையும் நிறுத்தணும்.

இரும்பைப் பற்றி: பிறக்கும்போது சேர்த்துவந்த இருப்பு 6 மாதத்தோடு தீர ஆரம்பிக்கும், தாய்ப்பாலில் இரும்பு குறைவு. முருங்கைக்கீரையில் இருப்பது உடம்பில் ஏறுவது கொஞ்சம்தான். கூடவே எலுமிச்சை நாலு சொட்டு, தக்காளி, நெல்லிக்காய் என்று வைட்டமின் சி ஏதாவது சேர்ந்தால் அதிகம் ஏறும். அசைவம் உண்டென்றால் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ (மண்ணீரல்) நன்கு வேகவைத்து மசித்து வாரம் ஒரு முறை ஒரு டேபிள்ஸ்பூன். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், அதனால் வாரம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். அரசின் ரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தில் 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இருமுறை 1 மி.லி. இரும்பு மருந்து உண்டு, 1 மி.லி.யில் 20 மி.கி. இரும்பும் 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க. மருந்தைத் தொடங்கியதும் மலம் கறுப்பாகப் போகும், அது இயல்பு.

மலச்சிக்கலுக்கு ஏத்தங்காயைக் குறைத்து, பப்பாளி மசித்தது 2 டேபிள்ஸ்பூன் தினமும், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் காய்ச்சி ஆறிய தண்ணீர் கிண்ணத்தில் நாலு மடக்கு. மலத்தில் ரத்தம், வயிறு உப்பல், வாந்தி இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், காட்டுங்க.

கடக்கரை_மதினி:

முட்டை, மீன், கடலைக்கு நான் சொல்லுதேன்.

ஒரு வயசு வரைக்கும் தள்ளிப்போடுறது பழைய ஆலோசனை, டாக்டர்மாரும் ஒருகாலத்துல அப்படித்தான் சொன்னாவ. தள்ளிப்போட்டா ஒவ்வாமை குறையும்ங்கிறதுக்கு ஆதாரம் கிடைக்கல. கடலை விஷயத்துல நேர்மாறாவே வந்திருக்கு. 2015ல வெளியான இங்கிலாந்து ஆய்வுல, கரப்பான் கடுமையா இருந்த, இல்லன்னா முட்டை ஒத்துக்காத பிள்ளைகளுக்குச் சின்ன வயசுலயே கடலை குடுத்து வந்தப்போ, குடுக்காத பிள்ளைகள விடக் கடலை ஒவ்வாமை ரொம்பக் குறைஞ்சுது. ஆனா அந்த மாதிரிக் கரப்பான் இருக்கிற பிள்ளைக்கு டாக்டரக் கேக்காம வீட்ல ஆரம்பிக்கக் கூடாது.

எதுனாலும் முதல் தடவை காலைல குடுங்க, ராத்திரி வேண்டாம். சளி, காய்ச்சல் இல்லாத நாளா இருக்கணும். முதல்ல ஒரு பட்டாணி அளவு, பத்து நிமிசம் பாத்துட்டு மிச்சம். ரெண்டு மணி நேரம் கண்ணு அவ மேல இருக்கட்டும். தடிப்பு, உதடு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி வந்தா நிப்பாட்டி டாக்டர்ட்ட போங்க. மூச்சுத் திணறலோ துவண்டு போறதோ இருந்தா உடனே 108. முட்டை, கடலை, மீன், இறால், கோதுமை, எள்ளு, பசும்பால் தயிர் இதுகள மட்டும் ஒண்ணொண்ணா ரெண்டு மூணு நாள் இடைவெளில ஆரம்பிங்க. பீர்க்கங்காய்க்கும் பூசணிக்கும் ஒவ்வொண்ணுக்கும் மூணு நாள் காத்திருந்தா ஒரு வருசம் ஓடிரும். ஒத்துக்கிட்ட பொருள அப்புறம் விட்டுரக் கூடாது, வாரத்துல ரெண்டு மூணு தடவை தட்டுல வரணும்.

முட்டைய 12 நிமிசம் கொதிக்கவிட்டு அவிங்க, மஞ்சக்கரு கொழகொழன்னு இருக்கக் கூடாது. வெள்ளையும் மஞ்சளும் சேத்தே மசிச்சுத் தாய்ப்பால்லயோ சோத்துலயோ குழைங்க. வெறும் மஞ்சக்கரு தொண்டைல ஒட்டும்.

கடலைய வறுத்துத் தோலெடுத்து, எண்ணெய் விடுற வரைக்கும் மைய அரைங்க. கால் டீஸ்பூன் விழுத ரெண்டு ஸ்பூன் வெந்நீர்ல கரைச்சுக் கேழ்வரகுக் கஞ்சில கலக்கணும். ஒத்துக்கிட்டா மெதுவா 2 டீஸ்பூன் வரைக்கும். கெட்டி விழுத அப்படியே வாயில வச்சா மேலண்ணத்துல ஒட்டி அடைக்கும். சுருங்கினது, நிறம் மாறினது, பூசண வாடை அடிக்கிறது ஒண்ணு இருந்தாலும் பொறுக்கி எறிங்க. அந்தப் பூசண நஞ்சு வறுத்தாலும் முழுசா போகாது.

மீன்ல விளமீன், பாறை மாதிரி சதை உள்ளது முதல்ல. மஞ்சள் மட்டும் போட்டு ஆவில அவிச்சு, ஒரு தட்டுல பரப்பி விரலால ரெண்டு தடவை தடவிப் பாருங்க. கண்ணு விட்ட முள்ள விரல் புடிக்கும். முதல்ல ஒரு டீஸ்பூன், அப்புறம் ஒரு டேபிள்ஸ்பூன், வாரம் ரெண்டு நாள். சாளை (மத்தி) சத்துதான், ஆனா பொடிமுள்ளு. முள்ளு பாத்து எடுக்க நிதானம் இருக்கிற நாள்ல மட்டும் குடுங்க. சுறா வேண்டாம், பெரிய மீன் தின்னு பெருத்ததுல பாதரசம் சேந்திருக்கும். கருவாடு உப்பு, அதுவும் வேண்டாம்.

பலபேருக்குத் தெரியாதது ஒண்ணு. சூரை, அயிலை (கானாங்கெளுத்தி), சாளை மூணும் ஐஸ் இல்லாம வெயில்ல கிடந்தா அதுல ஒரு நஞ்சு உண்டாகும். சமைச்சாலும் போகாது. தின்ன கொஞ்ச நேரத்துல முகம் செவந்து தடிக்கும், பாத்தா ஒவ்வாமை மாதிரியே இருக்கும். அதுனால பிள்ளைக்கு மீன் ஒத்துக்கலன்னு வாழ்நாள் பூரா ஒதுக்கிருவாவ. முதல் மீன் ஐஸ்ல வந்த புது மீனா இருக்கட்டும்.

கத்திரிக்காய் கரப்பான் சங்கதிக்கு: கத்திரிக்காய், தக்காளி, எலுமிச்சை பட்டு வாயைச் சுத்திச் செவந்து அரை மணில அடங்கினா அது பெரும்பாலும் தோல் எரிச்சல்தான். சாப்பிடுறதுக்கு முன்னாடி வாயோரம் தேங்காய் எண்ணெய் தொட்டுவிட்டா வராது. உடம்புல மத்த இடத்துலயும் தடிச்சா, இல்ல மேல சொன்ன உதடு வீக்கம், வாந்தி வந்தா யோசிக்கணும்.

உடன்குடிக்காரன்:

எல்லாம் சரி. ஆனா கருப்பட்டியச் சீனியோட சேக்காதிய. கருப்பட்டில இரும்பு உண்டு, தலைமுறை தலைமுறையா குடுத்து வளத்தது.

தட்டும்தராசும்:

அண்ணாச்சி, உடன்குடிக் கருப்பட்டியின் ருசிக்கு மறுப்பு இல்லை. பெரியவர்கள் சீனிக்குப் பதில் போடட்டும். பிள்ளைக் கஞ்சியில் போடுவது ஒரு டீஸ்பூன், 5 கிராம். அதில் கிடைக்கிற இரும்பு மிகச் சொற்பம், மீதி முழுக்க இனிப்பு. இனிப்பு பழகின நாக்கு கீரைக்குத் திரும்ப மாட்டேன் என்கும், பல் முளைக்கிற நேரத்தில் சொத்தையும் வரும். 2 வயது வரை சீனி, வெல்லம், கருப்பட்டி எதையும் சேர்க்க வேண்டாம் என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. இனிப்பு வேணும் என்றால் பழம். அங்கன்வாடி இணை உணவு மாவில் ஏற்கெனவே வெல்லம் கலந்திருக்கு, மேலே எதுவும் போடாதீங்க. பேரீச்சம்பழம் கூட ஒட்டும், ஊறவைத்து அரைத்துத்தான்.

தேன் ஒரு வயதுக்குள் ஒரு சொட்டும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது, மலைத்தேனா கடைத்தேனா என்பதிலும் வித்தியாசம் இல்லை. உரைமருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதும் இதில் அடங்கும்.

உப்பு ஒரு வயதுக்குள் தனியாகப் போட வேண்டாம். பெரியவர்களுக்குச் சப்பென்று இருப்பது பிள்ளைக்குச் சப்பென்று தெரியாது. பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பதும் ஒரு வயதுக்குப் பிறகுதான். அதில் இரும்பு மிகக் குறைவு, அதிகம் குடித்தால் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவும் உண்டாகலாம். தயிராக இரண்டு மூன்று ஸ்பூன் இப்போதே கொடுக்கலாம்.

மூத்தவன் தீனிக்கு வருகிறேன். ரெண்டரை வயதுக்கு முழுக்கடலை, மிச்சர், கடலைமிட்டாய், சோளப்பொரி, முழுத் திராட்சை எதுவும் 5 வயது வரை வேண்டாம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குக் கடைவாய்ப் பல் வலுக்கணும், இல்லையென்றால் உடைந்த கடலை மூச்சுக்குழாய்க்குள் போய் உட்காரும். மிச்சர் தட்டை வீட்டில் கீழே வைத்தால் தங்கச்சி எடுத்து வாயில் போடுவாள், அது தனி ஆபத்து. திராட்சையை நீளவாக்கில் நாலாகக் கீறணும், குறுக்கே வெட்டினால் அந்த வட்டமே அடைக்கும். நுங்கையும் முழுசாக நீட்டாதீங்க. வழுக்கி நேரே தொண்டைக்குப் போகும், மேல்தோலை உரித்துக் கையால் மசித்துக் கொடுக்கணும். பனங்கிழங்கு அவித்தால் நாரையும் நடுத்தண்டையும் உரித்துவிட்டு, இடித்துத் தேங்காய்ப்பூவோடு கலந்து தரலாம், அவனுக்கு மட்டும்.

மாலை 4 மணிக்கு அவனுக்கு ஏற்றது: பாசிப்பயறு அவித்துத் தேங்காய்ப்பூ தூவி லேசாக நசுக்கினது, அவலை ஊறவைத்துத் தயிரும் வாழைப்பழமும், சீனிக்கிழங்கு, முட்டை தோசை நறுக்கியது, கேழ்வரகுப் புட்டு. புட்டு உதிரியாக இருந்தால் புரையேறும், மட்டிப்பழமோ நாட்டுப்பழமோ பிசைந்து ஈரமாக்கணும். உளுந்தங்களி வாரம் ஒரு நாள்: தொலி உளுந்து 4 பங்கு, பச்சரிசி 1 பங்கு வறுத்து அரைத்த மாவு 3 டேபிள்ஸ்பூன், ஒரு கிண்ணம் தண்ணீர், நல்லெண்ணெய் 2 டீஸ்பூன். இவன் ரெண்டு வயது தாண்டியவன், கருப்பட்டி ஒரு டீஸ்பூன் போகட்டும், உடன்குடி அண்ணாச்சியும் சமாதானம் ஆவார். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டாமல் போட்டால் மண் கடிபடும். மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டும், பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு அடுப்பில் ஏற்றணும். கையை ஈரமாக்கித் தொட்டால் ஒட்டாத பதம் வெந்த பதம்.

தேத்தண்ணியில் ரஸ்க் முக்கிக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்க. தேயிலை இரும்பை ஏற விடாது, ரஸ்க்கில் மைதாவும் சீனியும்தான் இருக்கு. இரண்டும் சேர்ந்து சாப்பாட்டுப் பசியையும் கெடுக்கும். சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் தீனி முடியணும்.

பாளை_மகராசி:

கடைசியா ஒண்ணு. மருந்துக்கடைல இல்லாம தெரிஞ்சவங்க வீட்ல அரைக்கிற 25 வகைச் சத்துமாவு வாங்கலாமா? வர்ற வாரம் திருச்செந்தூர் போறோம், வழிக்கு என்ன எடுத்துட்டுப் போக?

கடக்கரை_மதினி:

25 வகைல முந்திரி, பாதாம், எள்ளு, கோதுமை எல்லாம் கலந்திருக்கும். பிள்ளைக்குத் தடிப்பு வந்தா எதுனாலன்னு கண்டுபிடிக்க முடியாது. கொட்டைப் பருப்பு எண்ணெய் கக்கி மாவே சிக்கு வாடை அடிச்சிரும். அவளுக்கு ஒத்துக்கிட்ட நாலு சாமான் போதும்: வறுத்த புழுங்கலரிசி 2, பாசிப்பருப்பு 1, முளைக்கேழ்வரகு 1, பொரிகடலை அரை. இருவது நாளைக்கு உள்ளதா மட்டும் அரைச்சு, காத்துப் புகாத டப்பாவுல ஃபிரிட்ஜ்ல வைங்க.

வழிக்கு அந்த மாவும் பிளாஸ்க்ல கொதிநீரும் எடுத்துக்கோங்க. ஒரு சட்டியில மாவப் போட்டுக் கொதிநீர் விட்டுக் கிளறி மூடி வச்சா அஞ்சு நிமிசத்துல களி பதம் வந்துரும். ஆனா முளைமாவு அடுப்புல கொதிக்கணும்னு மேல சொல்லிருக்காவ, பிளாஸ்க் தண்ணி அதுக்குப் பத்தாது. அதுனால பயணத்துக்குக் கேழ்வரகு சேக்காத மாவா, வறுத்தத மட்டும் தனியா கட்டிக்கோங்க. தொலி உரிக்காத ஏத்தம்பழம் ரெண்டு, அவிச்ச முட்டை ஓட்டோட ஒண்ணு. கிளம்பும்போது கட்டுன தயிர்ச்சோறு இவளுக்கு வேண்டாம், அந்த வெயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல தாங்காது. எச்சிப்பட்ட கிண்ணத்துல மிஞ்சினத மூத்தவனுக்குக் குடுங்க, இல்ல கொட்டுங்க, திரும்ப அவளுக்கு எடுத்து வைக்காதிய.